வெள்ளிக்குக் கண் கொடுத்தவன்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் வாய் எதற்கு? பலகாரம் தின்பதற்கு. அந்த வாயால் அவன் வேறு எந்தக் காரியம் செய்தாலும் அது விபரீதத்தில்தான் முடியும். இதை எனக்கு இருபத்திரண்டு வயதில் யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருப்பார்கள். அப்போது நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன், காதில் விழுந்திருக்காது.

எனக்குச் சொந்த ஊர் எலப்புள்ளி. அப்பா விவசாயி. மகன் படித்தவனாக வேண்டும் என்று பாலக்காட்டில் கல்லூரியில் சேர்த்துவிட்டார். நான் இன்டர்மீடியட் பரீட்சையை இரண்டு தரம் எழுதினேன். ஒரு தரம் கணக்கில் போயிற்று, இன்னொரு தரம் இங்கிலீஷில் போயிற்று. (ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பத் தோற்பது அந்தப் பாடத்தை அவமதிப்பது போல ஆகிவிடும்.) படித்ததில் மிச்சமாக மண்டையில் நின்றது ஒன்றே ஒன்றுதான். வாத்தியார் ஒருவர் மேசை மேல் விளக்கை வைத்து, அதைச் சுற்றி எலுமிச்சம்பழங்களை நகர்த்தி, சூரியன் நிற்கிறது, பூமியும் மற்ற கிரகங்களும் அதைச் சுற்றுகின்றன என்று காட்டிய பாடம் அது.

ஊருக்குத் திரும்பியதும் அகப்பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னேன். ஏர் ஓட்டுகிறவரை நிறுத்திவைத்து, அவர் காலடியில் இருக்கும் நிலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினேன். அவர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டை அதட்டினார். சந்தைக்குப் போகிற வழியில் ஜனங்கள் என்னைத் தூரத்தில் கண்டதும் வரப்பு மாறி நடக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கர்வம் இன்னும் கூடியது. பெரிய விஷயம் பேசுகிறவனைக் கண்டால் சாமானிய ஜனங்கள் ஒதுங்குவது இயற்கை என்று நினைத்தேன்.

அந்த வருஷம் சித்திரையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்கு வாளையாறு தாண்டிக் கிழக்கே ஒரு ஊர். மாட்டு வண்டியில் அரை நாள் பயணம். அவள் பெயர் செல்லாத்தாள். நான் கிரகங்களைப் பற்றிப் பேசும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த முதல் மனுஷி அவள்தான். (கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் என்பது உண்மை. ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.) அதனால் அவளிடம் எனக்கு அளவு கடந்த பிரியம் வந்துவிட்டது.

ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு ஆவணியில் புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். நானும் ஆவணிக்காகக் காத்திருந்தேன். ஆவணி வந்தது. கூடவே வானத்தில் வெள்ளியும் வந்தது.

எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணையோ பிள்ளைத்தாய்ச்சியையோ வெள்ளிக்கு எதிரே பயணம் அனுப்ப மாட்டார்கள். வெள்ளிக் கிரகம் சாயங்காலத்தில் மேற்கே தெரிகிற காலத்தில் அவர்கள் மேற்கே போகக் கூடாது. விடியற்காலையில் கிழக்கே தெரிகிற காலத்தில் கிழக்கே போகக் கூடாது. போனால் அவர்களுக்கு ஆகாது என்று நம்பிக்கை. ஆடியில் செல்லாத்தாள் போனபோது வெள்ளி சூரியனோடு ஒட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, அதனால் பேச்சு எழவில்லை. ஆவணியில் அது மேற்கே எட்டிப் பார்த்தது. அவள் ஊரிலிருந்து எங்கள் ஊர் நேர் மேற்கு.

எங்கள் ஊர்ப் பணிக்கர் சோழி உருட்டிப் பார்த்து, பங்குனி முடிகிற வரைக்கும் வெள்ளி மேற்கேதான் என்று சொல்லிவிட்டார். நான் கல்லூரிப் பாடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் பங்குனிதான் வந்தது. சாஸ்திரமும் விஞ்ஞானமும் என் வாழ்க்கையில் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். இரண்டும் சேர்ந்து என் பெண்டாட்டியை எட்டு மாதத்துக்கு மறித்துவிட்டன.

என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் மாமனாரின் அறியாமையை வேரோடு பிடுங்கி, கையோடு செல்லாத்தாளை அழைத்து வந்துவிடுவது என்று தீர்மானித்தேன். போகிற வழியெல்லாம் வண்டியில் உட்கார்ந்து பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாடுகள் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

மாமனார் பருத்த உடம்பு, மெல்லிய குரல். நிலபுலம் உள்ளவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், படிப்பு என்றால் உயிர். படித்த மாப்பிள்ளை வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தவர். (என் படிப்பைப் பற்றிக் கேட்டபோது எங்கள் வீட்டில் “இன்டர்மீடியட் வரைக்கும்” என்று சொல்லி நிறுத்தியிருந்தார்கள்.) நான் போய் இறங்கியபோது வீடு முழுக்க முறுக்கு சுடுகிற வாசனை. கூண்டு வண்டியைக் கழுவித் துடைத்துப் புதுப்பாய் விரித்திருந்தது. இதெல்லாம் எதற்கு என்று ஒரு சாதாரண மூடன்கூடக் கேட்டிருப்பான். நான் முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, மாப்பிள்ளை என்றால் இந்த வீட்டில் தனி மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் எதிரே வந்து உட்கார்ந்து, நான் வந்தது நல்லதாகப் போயிற்று என்றும், புள்ளையை அனுப்புவதைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும் என்றும் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிட வேண்டும், கேட்டால் அவருடைய சங்கதியே மாறிவிடும் என்றேன். நான் சொன்னது அப்படியே பலித்தது.

பொழுது விழுகிற நேரம். எல்லோரையும் களத்துக்கு வரச் சொன்னேன். மாமனாரின் பங்காளிகள் நாலைந்து பேர் வந்து மதிலோரம் குந்தினார்கள். உரலைக் கவிழ்க்கச் சொல்லி அதன் மேல் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்தேன். அது சூரியன். உரித்த தேங்காய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். அது வெள்ளி. பூமிக்கு உருண்டையான ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் மாமனாரைப் பார்த்தேன்.

எங்கள் ஜாதி ஜனத்தில் மாமனார் எதிரே மாப்பிள்ளை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கவே யோசிப்பான். நான் அவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, இடது பக்கமாக மெல்லச் சுற்றச் சொன்னேன். விளக்கைப் பார்க்கும்போது பகல், முதுகைக் காட்டும்போது ராத்திரி என்றேன். அவர் பங்காளிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படிப்புக்குக் கொடுக்கிற மரியாதையோடு சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று நான் உரக்க எண்ணினேன். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

நான் தேங்காயோடு விளக்கைச் சுற்றி நடந்தேன். விளக்குக்குப் பின்னால் போய், இதோ, ஆடியில் வெள்ளி இங்கே இருந்தது, அதனால்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். இடது பக்கம் வந்து, இப்போது இங்கே வந்துவிட்டது, அதனால்தான் பொழுது விழுந்த பிறகு மேற்கே தெரிகிறது என்றேன். வலது பக்கம் போய், பங்குனி கழிந்ததும் இங்கே வந்து விடியற்காலையில் கிழக்கே தெரியும் என்றேன். பங்காளிகள் தலையாட்டினார்கள். கல்லூரியில் யாரும் எனக்காகத் தலையாட்டியதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து செல்லாத்தாள் இருமினாள். சளி பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்தேன். ஒரு பித்தளைச் சொம்பு கீழே விழுந்து உருண்டது. கடைசியில் அவளே மோர்ச் சொம்போடு களத்துக்கு வந்துவிட்டாள். புதுப்பெண் ஆண்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அப்படி வரவே மாட்டாள்.

“இதக் குடிச்சுட்டுச் செத்த உக்காருங்க. அப்பா என்னமோ சொல்லோணும்னாங்க” என்றாள்.

நான் மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றேன். அவள் கண்கள் பளபளவென்று இருந்தன. புருஷனை நினைத்துப் பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். (அது பெருமை அல்ல. பிற்பாடு அந்தப் பார்வையோடு நான் நெருங்கிப் பழக வேண்டியிருந்தது.)

மாமனார் சுற்றிக்கொண்டே சந்தேகம் கேட்டார். வெள்ளி எத்தனை பெரிது என்றார். ஏறக்குறைய இந்தப் பூமி அளவு என்றேன். மதிலோரத்தில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். மாமனார் இன்னும் ஒரு நாள் சுற்றிவிட்டுக் கேட்டார்:

“அசுவினி நாள்ல வெள்ளிக்குக் கண்ணுத் தெரியாதுன்னு நம்ம ஜோசியர் சொல்றாருங்க மாப்ளை. சந்திரன் அந்த நட்சத்திரத்துல நிக்கறப்ப அது குருடாமா. அது எப்படிங்க?”

அவர் அதை ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. மூட நம்பிக்கை ஒன்று தானாக வந்து தலையை நீட்டுகிறது, வெட்டிவிட வேண்டியதுதான் என்று பாய்ந்தேன்.

“குருடுங்கறது சுத்தப் பொய்யிங்க மாமா. அசுவினின்னும் இல்ல, பரணின்னும் இல்ல. எந்த நாளும் அது ஒரே மாதிரி ஜொலிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.”

உள்ளே ஏதோ பெரிய பாத்திரம் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. வெள்ளி அங்கேயே நின்றுவிடாது, இப்போது விளக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது, பங்குனி வரைக்கும் நாளுக்கு நாள் பூமியை நெருங்கும், நெருங்க நெருங்கப் பெரிதாகத் தெரியும் என்றேன். சொன்னதோடு விடாமல், தேங்காயை நீட்டிப் பிடித்துக்கொண்டு மாமனாரை நோக்கி வேகமாக நடந்தும் காட்டினேன்.

பாவம், அவர் அதற்குள் பதினைந்து நாளாவது சுற்றியிருப்பார். தலை கிறுகிறுத்து நின்ற மனுஷன் முகத்துக்கு நேரே ஒரு தேங்காய் வந்ததும் இரண்டடி பின்னால் வைத்தார். பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி இருந்தது. பூமி தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது.

பங்காளிகள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மாமனார் கோபப்படவும் இல்லை. வேட்டியைப் பிழிந்துவிட்டு மேற்கே பார்த்தார். அன்றைக்கென்று மேகம் விலகியிருந்தது. பனைமரங்களுக்கு மேலே வெள்ளி சுத்தமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்:

“இத்தன நாளும் அத ஒரு சோளப்பொரியாட்டம்னு நெனச்சிருந்தனுங்க மாப்ளை. பூமித் தண்டிக்கு ஒண்ணு, கண்ண முழிச்சுக்கிட்டு, நம்மளப் பாத்து வந்துக்கிட்டிருக்குதுன்னா, அதுக்கு எதுக்கால என்ற புள்ளைய நான் எப்படிங்க அனுப்பறது?”

அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்பதுதான் என் பிரசங்கத்தின் முடிவுரை. அதற்கு நான் வந்து சேரவே இல்லை. அஸ்திவாரம் போடுகிற உற்சாகத்தில் வீட்டைக் கட்ட மறந்துவிட்டேன். அவசர அவசரமாக அப்போது சொல்லிப் பார்த்தேன். மாமனார் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேட்டி மாற்றப் போய்விட்டார். மாமியார் உள்ளே போய் யாரிடமோ மெல்ல எதையோ சொன்னார். கூண்டு வண்டியிலிருந்து புதுப்பாயைச் சுருட்டி எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் செல்லாத்தாள் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மாமனார் முன்பே அவர்கள் ஊர் ஜோசியரைக் கேட்டிருக்கிறார். மாதாமாதம் சந்திரன் ரேவதியிலிருந்து கார்த்திகையில் நுழைகிற வரைக்கும் வெள்ளி குருடு, அந்த நாட்களில் எதிரே போனாலும் அதற்குத் தெரியாது என்று சாஸ்திரத்திலேயே விலக்கு இருக்கிறதாம். பெரியவர்கள் விதியைப் போடும்போதே சந்து ஒன்றையும் விட்டுவைத்திருக்கிறார்கள். நான் அந்தச் சந்தில் நின்றுகொண்டு அதையே அடைத்திருக்கிறேன்.

“நாளைக்கு அசுவினி. வண்டி கட்டறதா இருந்துது. பொட்டியெல்லாங் கட்டி வெச்சிருந்தனுங்க” என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “நீங்க வந்து அதுக்குக் கண்ணக் குடுத்துட்டீங்க.”

எனக்குக் கிணற்றில் குதிக்கலாம் போல இருந்தது. (நீச்சல் தெரியும் என்பதால் பயன் இல்லை.) நேரே மாமனாரிடம் ஓடினேன். பங்காளிகளும் அங்கேதான் இருந்தார்கள். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நேற்று ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அசுவினி அன்றைக்கு மட்டும் வெள்ளி குருடுதான் என்று சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை கருணை.

“ஆசை இருக்கறதுதானுங்க மாப்ளை. அதுக்காவப் படிச்சத மாத்திச் சொல்லக் கூடாதுங்க.”

பங்காளிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் ஒரு கூடை முறுக்கோடு தனியாக ஊர் திரும்பினேன். மருமகள் எங்கே என்று அம்மா கேட்டார். பங்குனியில் என்றேன். முறுக்கு எதற்கு என்று கேட்டார். கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனேன்.

எட்டு மாதம். நடுவில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனேன். போன போதெல்லாம் மாமனார் என்னைக் களத்துக்கு அழைத்துப் போய் மேற்கே காட்டி, நான் சொன்னபடியே வெள்ளி பெரிதாகிக்கொண்டு வருவதைச் சந்தோஷமாகச் சொன்னார். என் கெட்ட காலம், நான் சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. பணிக்கர் சொல் தப்பியிருக்கிறது, மழை தப்பியிருக்கிறது, என் படிப்பு மட்டும் தப்பவே இல்லை. செல்லாத்தாள் எனக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், வேறு பேசவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புகிற சமயத்தில் வெள்ளி மேற்கே மறைந்தது. மாமனாரே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கிரகம் நின்றால்தானே முடியும்? பூமியைத் தாண்டிய வெள்ளி மறுபக்கம் போய், விடியற்காலையில் கிழக்கே எழும்ப ஆரம்பித்தது. இதையும் நான்தான் அன்றைக்குத் தேங்காயை வலது பக்கம் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன்.

அடுத்த ஆவணியில் செல்லாத்தாளின் தங்கை மயிலாத்தாளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். செல்லாத்தாள் தலை வாரி, பூ வைத்து, இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. அப்போது செல்லாத்தாள் நாலு மாதம். மாமனார் வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தவர், அவளை மட்டும் அழைத்து வர வேண்டாம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி, வெள்ளி கிழக்கே நிற்கிறது, குருடு என்று நம்பி அழைத்துப் போகவும் இப்போது வழியில்லை. “நீங்க சொல்லாமப் போயிருந்தா, தெரியாத்தனமா ஒரு அசுவினி நாள்ல வரச் சொல்லியிருப்பனுங்க” என்று எனக்கு நன்றி வேறு சொன்னார்.

நான் கெஞ்சினேன். என் படிப்பே பொய், பரீட்சையில் இரண்டு தரம் தோற்றவன் என்பதைக்கூட முதல் தடவையாக அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. செல்லாத்தாள் எல்லாவற்றையும் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் அப்பாவுக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினாள்.

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். மாமனார் சம்பந்திகளிடம் என்னை, வெள்ளியின் போக்குவரத்தெல்லாம் தெரிந்த மாப்பிள்ளை என்று அறிமுகப்படுத்தினார். மணவறைக்குப் போகிற வழியில் மயிலாத்தாள் என்னைப் பார்த்து நின்றாள்.

“அக்கா வரலீங்களா மாமா?” என்றாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

வானத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் விளக்கத் தெரிந்தவன் நான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வீடு திரும்பியதும் செல்லாத்தாள் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சேலை என்ன நிறம், யார் யார் வந்தார்கள், சாப்பாடு எப்படி. எல்லாம் சொன்னேன். கடைசியாக, மயிலுக்குத் தலை வாரிவிட்டது யார், வகிடு நேராக எடுத்திருந்தார்களா என்று கேட்டாள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி நேராகத்தான் இருந்தது என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாடு ஆனதும் இந்தக் கதை ஒருமுறை அரங்கேறும். மயிலாத்தாள்தான் சொல்வாள். அப்பாவைப் போலச் சுற்றிக் காட்டி, தொட்டியில் விழுந்து காட்டி, “எங்க மாமா வெள்ளிக்கே கண்ணு வைத்தியம் பாத்தவரு” என்று முடிப்பாள். குழந்தைகள் உருண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது. செல்லாத்தாளும் சிரிப்பாள். தங்கையைப் பார்த்துச் சிரிப்பாள், குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பாள். என் பக்கம் முகம் திரும்புவதற்குள் அந்தச் சிரிப்பு முடிந்துபோயிருக்கும்.